உயிரோடிருந்த அப்பாவுக்கு ஓர் இரங்கல் பாட்டு

லிஃப்ட் மெக்கானிக் தான் செத்துப்போன விஷயத்தை ஒரு லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்துகொண்டார்.

பழைய அடுக்குமாடிக் கட்டடம் அது. லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நிற்கும்போது ஒரு குலுக்குக் குலுக்கியது. காரணம் பார்ப்பதற்காகப் பெட்டியின் கூரைமேல் ஏறி, கையில் டார்ச்சோடு உட்கார்ந்திருந்தார். கீழே, 'வேலை நடக்கிறது, உள்ளே ஏறாதீர்கள்' என்று பலகை வைத்துவிட்டுத்தான் ஏறினார். படித்தவர்கள் நிறைந்த கட்டடம் என்பதால் அதை யாரும் படிக்கவில்லை. இரண்டு பெண்கள் ஏறிப் பொத்தானை அழுத்திவிட்டு, லிஃப்ட் நகராததைக்கூடக் கவனிக்காமல் பேசிக்கொண்டு நின்றார்கள்.

"அந்தப் பொண்ணு பாட்டு கேட்டியா? 'நீ இறங்கிய மாடி எது'ன்னு வருமே, அது."

"கேக்காம இருப்பேனா? காலைல பல் தேய்க்கும்போது போட்டேன். அப்படியே வாயில நுரையோட நின்னு அழுதேன்."

"அப்பாவ நெனச்சு எழுதினதாம். லிஃப்ட் ரிப்பேர் பண்றவராம். ஆபரேஷன்ல போயிட்டாராம்."

"இந்த மாதிரி மனுஷங்கதான் சீக்கிரம் போயிடறாங்க. எங்க வீட்டுல ஒண்ணு இருக்கே, ஒரு தும்மல்கூட வர்றதில்ல."

மேலே இருந்தவர் டார்ச்சை அணைத்தார். அந்த நகரத்தில், அந்த வருஷம், ஆபரேஷன் செய்துகொண்ட லிஃப்ட் மெக்கானிக்கும் பாட்டு எழுதிப் பாடுகிற மகளும் ஒரே வீட்டில் இருப்பது அவருக்குத் தெரிந்து ஒரு வீட்டில்தான். அவருடைய வீட்டில்.

"ஏன் இது போகமாட்டேங்குது?"

"மெக்கானிக் ஒழுங்கா வேலை செஞ்சாத்தானே. எவன் செய்யறான் இப்பல்லாம்?"

"கொஞ்சம் வெளிய வந்துடுங்கம்மா, வேலை நடக்குது" என்றார் அவர், தன்னால் முடிந்த அளவு மென்மையாக. மேலிருந்து வந்த குரலைக் கேட்டு ஒருத்தி போட்ட சத்தத்தில் மூன்று மாடிகளின் கதவுகள் திறந்தன.

அன்று மாலை வீட்டுக்கு வந்து கைகால் கழுவி உட்கார்ந்ததும், மனைவியிடம் கேட்டார்: "நான் செத்துட்டேனாமே. உனக்குத் தெரியுமா?"

அந்த அம்மாள் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறவர். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிப் பழக்கப்பட்டவர். "தெரியும். ரெண்டு மாசமா கடைக்கு வர்றவங்க எல்லாம் என் கையப் புடிச்சுட்டுப் போறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"மொதல்ல ஒருத்தர்கிட்ட இல்லன்னு சொன்னேன். அவரு, 'ஏத்துக்க நாளாகும்மா'ன்னு சொல்லி தூக்க மாத்திர வாங்கிக் குடுத்தாரு. எங்க கடையிலயே. அப்புறம் நான் யாருக்கும் ஒண்ணும் சொல்றதில்ல."

அந்த நகரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இது விளங்கும். அந்த ஊருக்குப் பாட்டு என்றால் உயிர். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், என்ன வாசிப்பீர்கள் என்று கேட்பார்கள். ஒன்றும் வாசிப்பதில்லை என்றால் பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். முடிவெட்டுகிறவர் கத்தரியைத் தாளத்துக்குத்தான் திறந்து மூடுவார். அதனால் மெதுவான பாட்டு ஓடும்போது யாரும் கடைக்குள் போவதில்லை. ஊரில் பாதிப் பேர் பாடுகிறவர்கள், மீதிப் பேர் அவர்களை விடத் தமக்கு நன்றாகத் தெரியும் என்று நினைக்கிறவர்கள். புதிதாக ஒருவர் பாட வந்துவிட்டால், அவர் பெரிய ஆளாவதற்கு முன்பே போய்க் கேட்டுவிட வேண்டும் என்பதில் அங்கே அடிதடி. 'அந்தப் பொண்ணு காப்பிக்கடையில பாடினப்பவே நான் கேட்டவன்' என்று சொல்லிக்கொள்வதற்காகவே காப்பி பிடிக்காதவர்களெல்லாம் காப்பிக்கடைகளில் உட்கார்ந்திருப்பார்கள்.

லிஃப்ட் மெக்கானிக் இந்த இரண்டு பாதியிலும் சேராதவர். நல்ல பாட்டைக் கேட்டால் அவருக்குத் தூக்கம் வரும். கெட்ட பாட்டென்றால் வராது, எழுந்து போய்விடுவார். அதனால் மகள் சின்ன வயதிலிருந்தே புதுப் பாட்டுக் கட்டினால் கிடாரோடு அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்துவிடுவாள். பாட்டு முடிவதற்குள் அவருடைய தலை சாய்ந்தால் அந்தப் பாட்டு தேறியது. "அம்மா, அப்பா தூங்கிட்டார்!" என்று அவள் குதிப்பதைப் பார்த்தால், நாலு நாள் கண்மூடாத நோயாளி தூங்கிவிட்டது போல இருக்கும்.

ஆள் நடுத்தர உயரம். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கிரீஸ் இருக்கும். நாளெல்லாம் லிஃப்டோடு மாரடித்தவர், தன் வீட்டுக்கு மட்டும் படியேறித்தான் போவார். ஏன் என்று கேட்டால், "அது யார் பாக்கற லிஃப்ட்னு எனக்குத் தெரியும். என் கூட வேலை பாக்கறவன்தான்" என்பார். கோபம் வந்தால் குரலை உயர்த்தமாட்டார். எதிராளியை 'வாங்க போங்க' என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார். வீட்டில் அவர் மனைவியை 'நீங்க' என்றால் அன்று ராத்திரி சாப்பாடு அமைதியாக நடக்கும்.

இனி, பாட்டு பிறந்த கதை. வயிற்றில் ஒரு கட்டி என்று அவரை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். டாக்டர், "எங்களால ஆனதைச் செய்யறோம்" என்று சொல்லிவிட்டு, சொன்ன கையோடு தரையைப் பார்த்தார். தாய் நாற்காலியிலேயே தூங்கிப்போனார். மகள் வராந்தாவில், ஆஸ்பத்திரி லிஃப்டின் எதிரே உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்து திறந்து மூடியது. யார் யாரோ இறங்கினார்கள். கிடார் இல்லை, காகிதம் இல்லை. வாய்க்குள்ளேயே பாடிப் பாடிப் பார்த்து முழுப் பாட்டையும் அங்கேயே முடித்துவிட்டாள்.

*நீ இறங்கிய மாடி எதுவென்று*
*எந்தப் பொத்தானும் சொல்லவில்லை.*
*நீ விசிலடித்துப் போன வழியில்*
*காற்று வந்து நிற்கிறது, அப்பா.*

அவர் தீவிர சிகிச்சையில் கிடந்தபோது, முன்பே ஒப்புக்கொண்ட ஒரு காப்பிக்கடைக் கச்சேரிக்குப் போக வேண்டியதாயிற்று. அங்கே வேறெதுவும் வாயில் வரவில்லை. இதைத்தான் பாடினாள். பாடிவிட்டு அழுதாள். கூட்டத்தில் இருந்தவர்கள் அதற்கு மேல் விசாரிக்கவில்லை. அழுகிற பெண்ணிடம் போய், உங்கள் அப்பா முழுதாகப் போய்விட்டாரா என்று யார் கேட்பார்கள்? யாரோ ஃபோனில் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள்.

டாக்டர்களோ தங்களால் ஆனதற்கு மேலேயே செய்துவிட்டார்கள். லிஃப்ட் மெக்கானிக் பிழைத்துக்கொண்டார். அவர் கஞ்சியிலிருந்து ரொட்டிக்கு வந்தபோது, ஊர் அவருக்காக அழுது முடித்து இரண்டாவது சுற்று அழ ஆரம்பித்திருந்தது.

மகள் சொல்லிவிடத்தான் நினைத்தாள். வானொலி நிலையத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே சொல்லிவிடலாம் என்று போனாள். பேட்டி எடுத்தவர் எடுத்த எடுப்பிலேயே, "மறைந்த உங்கள் அப்பா இதைக் கேட்டிருந்தால்..." என்று தழுதழுத்தார். அவருடைய தழுதழுப்பு முடியட்டும் என்று இவள் மரியாதைக்குச் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். அந்த மௌனத்துக்குப் பாராட்டு வந்து குவிந்தது. பாட்டை விட மௌனம் நன்றாக இருந்தது என்றுகூட ஒருவர் எழுதினார். அதற்குப் பிறகு சொல்வதற்கு நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மாதிரி விஷயங்களுக்கு நல்ல நேரம் என்பது எப்போதும் போன வாரமாகவே இருக்கிறது.

இதற்குள் அவளுக்கு ஒரு மேனேஜரும் வந்து சேர்ந்திருந்தான். தாடி வைத்தவன், அதனால் வீட்டில் அவன் பெயர் தாடி. அவன் லிஃப்ட் மெக்கானிக்கை முதல் முறை பார்த்தபோது, வந்தவன் காலணியைக் கழற்றக்கூட மறந்து நின்றுவிட்டான்.

"சார், நீங்க நல்லா இருக்கணும் சார். நூறு வயசு இருக்கணும்" என்றான். "ஆனா கொஞ்சம் ஒதுங்கி நல்லா இருங்க."

"எங்க ஒதுங்கறது?"

"ஒரு ஆறு மாசம். ஆல்பம் வரட்டும். அப்புறம் நாமளே பக்குவமா சொல்லிடலாம்."

"என்னன்னு சொல்லுவீங்க? திரும்பி வந்துட்டார்னா?" என்றார் மனைவி சமையலறையிலிருந்து.

தாடி போன பிறகு அவர் மகளிடம் கேட்டது ஒன்றுதான். "பாட்டுல நான் விசிலடிக்கறேன்னு வருதாமே. எனக்குத்தான் விசிலே வராதே, பாப்பா."

"அந்த எடத்துக்கு அது நல்லா இருந்துதுப்பா."

"என்னைப் பத்தின பாட்டுல நான் எங்கயாவது வர்றேனா?"

"லிஃப்ட் வருதே" என்றாள். பிறகு இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் அந்தப் பாட்டை மட்டும் அவள் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடவே இல்லை. அவரும் கேட்கவில்லை.

அது அப்படியே போயிருக்கும். கெடுத்தது ஒரு மாத்திரை வாங்கப் போன பயணம். அப்பாவும் மகளும் அம்மாவின் கடைக்குப் போயிருந்தார்கள். வாசலில் இரண்டு கல்லூரிப் பெண்கள் மகளை அடையாளம் கண்டு ஓடிவந்தார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒருத்தி, பையைப் பிடித்துக்கொண்டு நின்றவரைக் காட்டி, "அக்கா, இவர் யாரு?" என்றாள்.

மகள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். "எங்க... லிஃப்ட் மெக்கானிக்" என்றாள்.

"ஆமாங்க" என்றார் அவர்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் அழுதாள். அவர்தான் சமாதானம் சொன்னார். "நீ ஒண்ணும் பொய் சொல்லலியே. நான் லிஃப்ட் மெக்கானிக்தானே." ஆனால் அடுத்த வாக்கியத்தில், "பாத்து வாங்க, அங்க பள்ளம்" என்றார். மகளுக்கு அது செருப்பால் அடித்தது போல இருந்தது. அவளை அவர் அதுவரை 'வாங்க' என்றதே இல்லை.

செத்துப்போனதாக ஊர் பேசியதில் அவருக்கு வருத்தமில்லை. அதில் சில சௌகரியங்கள்கூட இருந்தன. கல்யாணப் பத்திரிகைகள் வருவது நின்றுவிட்டது. அவரை உறுத்தியது வேறு. நாலு பேர் நடுவில் மகள் தன்னை 'அப்பா' என்று கூப்பிடவேண்டும். ஒரே ஒரு முறை போதும். அதற்குமேல் அவருக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, மனைவியைத் தவிர. மனைவியிடமும் சொல்லவில்லை, அந்த அம்மாளே தெரிந்துகொண்டார்.

அந்த சமயத்தில்தான் மகளுக்கு முதல் பெரிய அரங்கம் கிடைத்தது. காப்பிக்கடைகளும் புத்தகக்கடை மாடிகளும் போய், சிவப்பு மெத்தை நாற்காலிகளும் திரைச்சீலையும் உள்ள மண்டபம். தாடி வீட்டுக்கே வந்து சொன்னான்: "சார், அன்னிக்கு நீங்க வீட்டுல ரெஸ்ட் எடுங்க."

"சரி" என்றார் லிஃப்ட் மெக்கானிக். மறுநாள் போய் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிக்கொண்டார்.

கச்சேரி அன்று இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, தலையைப் படிய வாரிக்கொண்டு கிளம்பினார். "நல்லா போயிட்டு வாங்க, புண்ணியவானே" என்றார் மனைவி. கடையில் தனக்குப் பதில் பில் போட ஆளில்லை என்று காரணம் சொன்னார். உண்மைக் காரணம், கணவனின் சாவுக்கு அழுகிற கூட்டத்தின் நடுவில் அந்தக் கணவனோடு உட்கார்ந்திருந்தால் தனக்குச் சிரிப்பு வந்துவிடும் என்பது.

அரங்கத்தில் அவருக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மாள் உட்கார்ந்திருந்தார். மடியில் கைக்குட்டைக் காகிதம் ஒரு பொட்டலம். "மூணாவது தடவை வர்றேன்" என்றார். "போன ரெண்டு தடவையும் ஒண்ணுதான் எடுத்துட்டு வந்தேன். பத்தல. உங்களுக்கு மொத தடவையா?"

"ஆமாங்க."

"கடைசிப் பாட்டுக்குத் தயாரா இருங்க."

விளக்கு அணைந்தது. மகள் கிடாரோடு வந்து, வீட்டில் போடுகிற அதே வெளுத்த நீலச் சட்டையில், ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். முதல் பாட்டு முடியும் முன்பே இவர் தலை சாய்ந்துவிட்டது. இரண்டாவதில் லேசாகக் குறட்டை. வங்கி அம்மாள் முழங்கையால் ஒரு இடி இடித்தார். "என்னங்க நீங்க, இந்தப் பிள்ளை உயிரக் குடுத்துப் பாடுது!"

"நல்லா இருக்குங்க, அதான்" என்றார் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைசிப் பாட்டு வந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் ஆரம்பித்தாள். முதல் வரியிலேயே அரங்கம் முழுக்க மூக்கை உறிஞ்சும் சத்தம். லிஃப்ட் மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்தார். தூக்கம் போன இடம் தெரியவில்லை. ஒரு லிஃப்டின் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், கதவு திறக்கிறது, அவர் இல்லை, மறுபடி திறக்கிறது, அப்போதும் அவர் இல்லை. அன்று உள்ளே மயக்கத்தில் கிடந்தவருக்கு, வெளியே வராந்தாவில் என்ன நடந்தது என்பது இப்போதுதான் தெரிந்தது. அவருடைய மகள் அங்கே தனியாக உட்கார்ந்து அவர் இல்லாத வாழ்க்கை முழுவதையும் ஒரு தரம் வாழ்ந்து பார்த்திருக்கிறாள்.

பல்லவி திரும்பி வந்தபோது, 'விசிலடித்துப் போன வழியில்' என்ற இடத்தில் அரங்கமே விசிலடித்தது. அது அந்தப் பாட்டுக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. அவரும் உதட்டைக் குவித்துப் பார்த்தார். வெறும் காற்றுதான் வந்தது. கன்னத்தில் வழிந்தது உதட்டில் கரித்தது.

வங்கி அம்மாள் மனமிரங்கி ஒரு காகிதம் நீட்டினார். "அப்பா ஞாபகம் வந்துடுச்சா?"

"இல்லீங்க. என் ஞாபகம்தான் வந்துது."

அந்த அம்மாள் அதைக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எவ்வளவு பெரிய விஷயம் சொல்லிட்டீங்க!" என்றார்.

கச்சேரி முடிந்ததும் வெளிக்கூடத்தில் ஒரு மேசை போட்டு மகளை உட்கார்த்தினார்கள். சுவரொட்டியில் கையெழுத்து வாங்க நீண்ட வரிசை. ஒவ்வொருவரும் மேசைக்கு வந்ததும் தங்கள் அப்பாவைப் பற்றிச் சொன்னார்கள். போனவர், விட்டுவிட்டுப் போனவர், இருந்தும் இல்லாதவர் என்று எல்லா வகையும் வந்தது. அவள் எல்லாவற்றுக்கும் தலையசைத்தாள். லிஃப்ட் மெக்கானிக் வரிசையில் நின்றார். பின்னால் வங்கி அம்மாள். மேசைக்குப் பக்கத்தில் நின்ற தாடி அவரைப் பார்த்ததும் முகம் வெளுத்து, கண்ணாலேயே கெஞ்சினான். அவர் அவனைப் பார்க்காத மாதிரி சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியைப் பார்த்தார்.

அவர் முறை வந்தது. மகள் குனிந்தபடியே அடுத்த சுவரொட்டியை இழுத்தாள். "யார் பேருக்குங்க போடட்டும்?"

அவர் வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டு வந்த வாக்கியம் எதுவும் அந்த நேரத்துக்கு வரவில்லை.

"லிஃப்ட் மெக்கானிக்னு போடுங்க" என்றார்.

பேனா நின்றது. அவள் நிமிர்ந்தாள். தாடி இருமினான். இன்னொரு முறை, நன்றாக இருமினான். அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"அப்பா" என்றாள்.

அவள் மேசையைச் சுற்றி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவர்தான் எங்கப்பா. நல்லாக் கேட்டுக்கங்க. இவர் சாகல. ஆபரேஷன் ஆச்சு, பொழைச்சுட்டார். நான் பயந்து போய் அந்தப் பாட்ட எழுதிட்டேன். அப்புறம் சொல்லத் தைரியம் இல்லாம இருந்துட்டேன். தப்பு என்னுதுதான். இவர்தான் எங்கப்பா, உயிரோட இருக்கார்."

தாடி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். பிறகு வங்கி அம்மாளிடமிருந்து ஒரு விம்மல் வெடித்தது.

"பாத்தீங்களா?" என்றார் அந்த அம்மாள் பின்னால் திரும்பி, வரிசை முழுவதற்கும். "லிஃப்ட் மெக்கானிக்னு இவர் சொன்ன உடனே, அந்தப் பிள்ளைக்குப் பெத்த அப்பாவே வந்து நின்ன மாதிரி ஆயிடுச்சு!"

கூட்டம் பெருமூச்சு விட்டது. யாரோ கைதட்ட, எல்லோரும் கைதட்டினார்கள். "ஆமாம்மா, சாகல!" என்று ஒருவர் பின்னாலிருந்து கத்தினார். "நம்ம மனசுல உயிரோடதான் இருக்கார்!"

"மனசுல இல்லீங்க, நெஜமாவே!" என்றாள் மகள்.

"நெஜமாவேதான்!" என்றது கூட்டம்.

லிஃப்ட் மெக்கானிக் தானே சொல்லிப் பார்த்தார். "அம்மா, அந்தப் பாட்டுல வர்ற ஆளு நான்தாம்மா. இவ என் பொண்ணு."

"தெரியும்யா" என்றார் வங்கி அம்மாள் அவர் தோளைத் தட்டி. "இன்னிக்கு அந்தப் பிள்ளைக்கு நீங்கதான் அப்பா. யாருக்கு வரும் இந்த மனசு?"

வேறு வழியில்லாமல் அவர் சட்டையைத் தூக்கி வயிற்றிலிருந்த ஆபரேஷன் தழும்பைக் காட்டினார்.

"ஐயோ பாவம்" என்றார் ஒருவர். "இவருக்கும் ஆபரேஷன் ஆயிருக்கு பாருங்க. அதான் பாட்டு அப்படிப் போய் ஒட்டிக்கிச்சு."

கண்ணைத் திறந்த தாடியின் முகத்தில் மெல்ல ரத்தம் திரும்பியது. கூட்டம் கலைந்ததும் முதல் வேலையாக அவரிடம் வந்து, மிகுந்த மரியாதையோடு, "சார், அடுத்த கச்சேரிக்கும் வர முடியுங்களா?" என்று கேட்டான்.

வீட்டுக்குத் திரும்பும் வண்டியில் மகள் கொதித்துக்கொண்டிருந்தாள். "இவ்வளவு பேருக்கு முன்னாடி உண்மையச் சொல்றேன், ஒருத்தர்கூட நம்பலியேப்பா!"

"அது அவங்க பாடு" என்றார் அவர். "நீ கூப்பிட்ட. எனக்குக் கேட்டுச்சு."

சிறிது தூரம் போன பிறகு, "அந்தக் கடைசிப் பாட்டுக்கு எனக்குத் தூக்கமே வரல, பாப்பா" என்றார்.

"நல்லா இல்லியா?"

"தெரியல. எந்திரிச்சுப் போகவும் தோணல."

அவள் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அதன் பிறகு அவர் நடந்த எல்லாக் கச்சேரிகளுக்கும் போனார். 'பாடகி அப்பாவாக நினைக்கிற பெரியவர்' என்று அவருக்கு ஊரில் ஒரு பதவியே ஏற்பட்டுவிட்டது. முன்வரிசையில் அவருக்கென்று நாற்காலி. மகள் மேடையில் இருந்து "அப்பா" என்பாள், கூட்டம் உருகும். போட்டியும் வந்தது. ஒரு கடிகாரம் பழுதுபார்ப்பவரும், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவரும், தங்களுக்கும் அந்த முகச்சாயல் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு மேசை அருகே நின்று பார்த்தார்கள். ரசிகர்களில் விவரம் தெரிந்த சிலருக்கு இவரைத் தேர்ந்தெடுத்ததிலேயே திருப்தியில்லை. "நெஜ அப்பா இன்னும் ஒசரமா இருந்திருப்பாரு. பாட்டக் கேட்டாலே தெரியுது" என்று அவர் காதுபடவே சொன்னார்கள். அவர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதை நடித்துக் காட்டுவார். "உங்களுக்குப் பதிலா வேற ஆளு வந்தா சொல்லுங்க, நானும் பாக்கறேன்" என்பார் அந்த அம்மாள்.

இப்படி மூன்று நான்கு வருஷம் சந்தோஷமாகவே போயிற்று. பிறகு வயிற்றில் பழைய இடத்திலேயே வலி வந்தது. இந்த முறை டாக்டர் தரையைப் பார்க்கவில்லை, நேராக முகத்தைப் பார்த்தே சொன்னார். ஒரு மத்தியானம், வீட்டில், தன் நாற்காலியில், மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ புதுப் பாட்டின் பாதியைப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தபோது லிஃப்ட் மெக்கானிக்கின் தலை சாய்ந்தது. அவள் வழக்கம்போலச் சந்தோஷப்பட்டாள். அம்மாவைக் கூப்பிடப் போனவளுக்குப் பாதி வழியில்தான் ஏதோ சரியில்லை என்று பட்டது.

அடக்கத்துக்கு அதிகம் பேர் வரவில்லை. உறவுக்காரர்கள், கூட வேலை பார்த்தவர்கள், அவ்வளவுதான். தாடி வந்தான். யாரையும் விட அதிகமாக அவன்தான் அழுதான். மகளின் ரசிகர்கள் யாரும் வரவில்லை. அவர்கள் மேல் குற்றமில்லை. அப்பா இறந்துவிட்டார் என்று அவள் போட்ட இரண்டு வரியைப் பார்த்துவிட்டு, 'தெரியும், எங்களுக்கும் அந்தப் பாட்டு மறக்கவில்லை' என்று ஆயிரம் பேர் பதில் போட்டிருந்தார்கள். வங்கி அம்மாள் மட்டும் விசாரித்துக்கொண்டு வந்தார். "ஒருத்தரத் தாங்கறதே கஷ்டம். உனக்கு இது ரெண்டாவது அப்பா" என்று அவளைக் கட்டிக்கொண்டார். அவள் மறுக்கவில்லை. மறுத்து என்ன ஆகப் போகிறது?

சில மாதங்கள் கழித்து மகள் மறுபடி மேடையேறினாள். அம்மா இந்த முறை கடைக்கு விடுமுறை சொல்லிவிட்டு வந்து, மேடைக்குப் பக்கவாட்டில் நின்றார். மகள் புதுப் பாட்டுகளை நன்றாகவே பாடினாள். கடைசியில் கூட்டம் வழக்கமான பாட்டைக் கேட்டது. அவள் கிடாரில் முதல் ஒலியை மீட்டினாள். 'நீ' என்றாள். அதற்கு அடுத்த சொல் வரவில்லை. மறுபடி மீட்டினாள். மறுபடியும் 'நீ' மட்டும்தான் வந்தது. அப்பா முன்வரிசையில் இருந்தவரை அந்தப் பாட்டை அவள் ஒரு இடத்திலும் தடுமாறிப் பாடியதில்லை.

"மன்னிச்சுக்கங்க" என்றாள் மைக்கில். "இது இனிமே என்னால பாட முடியாது."

அரங்கம் ஒரு நொடி திகைத்தது. பிறகு எழுந்து நின்று கைதட்டியது. அவள் உள்ளே போன பிறகும் கைதட்டல் ஓயவில்லை. ரசிகர்கள் ஒருவருக்கொருவர் புன்னகைத்துக்கொண்டு வெளியேறினார்கள். பக்கவாட்டுத் திரையின் மறுபுறம் அவர்கள் பேசிக்கொண்டு போவது தாய்க்கும் மகளுக்கும் தெளிவாகவே கேட்டது.

"கேக்கவே நிம்மதியா இருக்குடா. இத்தனை வருஷம் கழிச்சு, அப்பா போன துக்கத்துலேருந்து ஒருவழியா வெளிய வந்துட்டா."

மகள் கிடாரைப் பெட்டிக்குள் வைத்தாள். மூடியின் கொக்கி எந்தப் பக்கம் என்று தெரியாதவள் போல அதைத் தடவிக்கொண்டு நின்றாள். அம்மா வந்து, அவள் கையை நகர்த்திவிட்டு, மூடிக் கொடுத்தார்.